குடல் அழற்சி நோயும் எதிர்ப்புச் செல்களின் நுண்பைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நோய் எதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் நுண்பைகளைக் கொண்டு குடல் அழற்சி நோயை (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் ஆகியவற்றை) தணிக்க முடியுமா என்று ஆய்வகங்களில் ஆராயப்பட்டுவருவதைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருந்ததால் அவற்றைத் தொகுத்துப் பதிலளிக்கிறோம்.

கேள்வி: எனக்குப் பல ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. மெசலமின் மாத்திரையும், நோய் முற்றும்போது ஸ்டீராய்டும் எடுத்துக்கொள்கிறேன். நுண்பை என்று நீங்கள் குறிப்பிட்டது எதை? அது மருந்தாகக் கிடைக்கிறதா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: கிடைக்கவில்லை. நோய் எதிர்ப்புச் செல்களின் நுண்பைகளை ஆதாரமாகக் கொண்டு குடல் அழற்சி நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்று இல்லை. இப்போது நம்மிடம் இருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி சுண்டெலிகளிடமிருந்தும் செல் வளர்ப்புத் தட்டுகளிலிருந்தும் வந்தவை.

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தம் சவ்வால் சூழப்பட்ட மிக நுண்ணிய பைகளை வெளியே விட்டுக்கொண்டேயிருக்கின்றன. அவற்றில் 30 முதல் 150 நானோமீட்டர் வரை விட்டமுள்ளவை, செல்லுக்குள் இருக்கும் ஓர் அறையில் உருவாகி, அந்த அறை செல்லின் வெளிச்சவ்வோடு இணையும்போது வெளியேறுகின்றன, இவையே எக்ஸோசோம்கள். செல்லின் வெளிச்சவ்விலிருந்து நேரடியாக மொட்டுவிட்டுப் பிரிபவை பெரும்பாலும் இவற்றைவிடப் பெரியவை. இரு வகைக்குள்ளும் புரதங்களும், கொழுப்புகளும், மைக்ரோ ஆர்.என்.ஏ. போன்ற சிறு மரபுத் துணுக்குகளும் இருக்கும். ஒரு செல்லிலிருந்து புறப்பட்ட பை இன்னொரு செல்லை அடைந்து தன் உள்ளடக்கத்தை அதற்குள் சேர்க்கும்போது, பெற்றுக்கொண்ட செல்லின் நடத்தை மாறக்கூடும்.

இவற்றுக்கு இந்த மதிப்பு உடனே வந்துவிடவில்லை. 1967-இல் பீட்டர் வுல்ஃப் இரத்தத் தட்டணுக்களிலிருந்து பிரியும் நுண்துகள்களைக் கண்டபோது அவற்றைத் தட்டணுத் தூசி என்றே குறித்தார். 1983-இல் முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு இனித் தேவைப்படாத ஏற்பிப் புரதத்தை நுண்பைகளில் வைத்து வெளியேற்றுவதை இரு ஆய்வுக்குழுக்கள் காட்டின. செல் தன் கழிவை அகற்றும் வழி இது என்றே அப்போது பலரும் எண்ணினார்கள். நோய் எதிர்ப்பு இயலுக்குள் இவை நுழைந்தது 1996-இல்: வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் வெளியிடும் நுண்பைகள், இன்னொரு வகையான டி செல்களைத் தூண்டவல்லவை என்று கிராசா ரபோசோவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். 2007-இல் யான் லோட்வாலின் குழு, ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களின் எக்ஸோசோம்கள் வழியே ஆர்.என்.ஏ. ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படுவதை நிறுவிய பிறகுதான், கழிவு என்று ஒதுக்கப்பட்டதை மருந்தாக்கலாமா என்ற கேள்வி வேகம் பெற்றது.

கேள்வி: குடல் அழற்சி நோயே எதிர்ப்பு மண்டலம் வரம்பு மீறுவதால் வருவது என்கிறார்கள். அப்படியிருக்க, அதே மண்டலத்தின் செல்களிலிருந்து மருந்து எடுப்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இது, கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். எதிர்ப்பு மண்டலம் என்பது தாக்கும் படை மட்டுமன்று. தாக்குதலைத் தொடங்கும் செல்களும், அதை முடித்துவைக்கும் செல்களும், புண்ணை ஆற்றும் செல்களும் அதில் உண்டு. குடலின் உட்சுவர் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடும் அன்றாட உணவோடும் ஓயாமல் உரசிக்கொண்டிருப்பதால், அங்கே பொறுத்துப்போகும் பணி தாக்கும் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதான குழந்தைகளுக்கு, தாக்குதலை அடக்கிவைக்கும் 'நெறிப்படுத்தும் டி செல்கள்' சரியாக உருவாவதில்லை. பிறந்த சில மாதங்களிலேயே அவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கும் குடல் சிதைவும் தோன்றுகின்றன. இன்டர்லூக்கின்-10 என்ற தணிப்புச் சைட்டோகைனை (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதத்தை) ஏற்கும் ஏற்பி பழுதான சிசுக்களுக்கும் மிக இளவயதிலேயே கடுமையான குடல் அழற்சி வருவது 2009-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. தணிக்கும் பக்கம் குன்றினாலே நோய் வரும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே ஆய்வாளர்கள் தேடுவது தணிக்கும் செல்களின் நுண்பைகளை. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களில் அழற்சியைக் கிளப்பும் நிலையும் உண்டு, அதை அடக்கித் திசுவைச் சீராக்கும் எம்2 நிலையும் உண்டு. எம்2 நிலைக்குக் கொண்டுவரப்பட்ட மேக்ரோஃபேஜ்களின் எக்ஸோசோம்களைக் குடல் அழற்சியுள்ள சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது எடையிழப்பும் குடல் சேதமும் குறைந்தன. நெறிப்படுத்தும் டி செல்கள் அதிகரித்ததாகவும் ஓர் ஆய்வு காட்டியது. இன்டர்லூக்கின்-10 ஊட்டி வளர்த்த டென்ட்ரிட்டிக் செல்கள் (அன்னியப் பொருட்களை டி செல்களுக்குக் காட்டுபவை), டி.ஜி.எஃப். பீட்டா என்ற தணிப்புப் புரதத்தின் மரபணு ஏற்றப்பட்ட டென்ட்ரிட்டிக் செல்கள், எலும்பு மஜ்ஜை வழி வரும் ஒடுக்கும் மைலாய்டு செல்கள், நெறிப்படுத்தும் டி செல்கள் ஆகியவற்றின் நுண்பைகளும் எலிகளிலோ சுண்டெலிகளிலோ இதே திசையில் பலன் காட்டியிருக்கின்றன. நெறிப்படுத்தும் டி செல்களின் நுண்பைகளைப் பொறுத்தவரை, செயல்முறையும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது: அவற்றின் மேற்பரப்பிலுள்ள சி.டி.73 என்ற நொதி, அழற்சித் தளத்தில் தேங்கும் மூலக்கூறுகளை அடினோசினாக மாற்றுகிறது. அடினோசின் தாக்கும் டி செல்களை மட்டுப்படுத்துகிறது. அந்த நுண்பைகளுக்குள் இருக்கும் லெட்-7டி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., அழற்சியைத் தூண்டும் டிஎச்1 வகை டி செல்களின் பெருக்கத்தை அடக்குகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் செய்திக் குறிப்புகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அழற்சியுள்ள குடலுக்குள் திரளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் நுண்பைகளை விடுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குடல் மேற்படலச் செல்களின் டி.என்.ஏ.வில் இரட்டை இழை முறிவுகளை உண்டாக்கிப் புண் ஆறுவதைத் தடுக்கக்கூடும் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, 'எதிர்ப்புச் செல்லின் நுண்பை' என்று மட்டும் சொன்னால் அது மருந்தா, தீங்கா என்பது தெரியாது. எந்தச் செல்லிலிருந்து, அந்தச் செல் எந்த நிலையில் இருந்தபோது எடுக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எம் பார்வையில், இந்தத் துறையின் வாக்குறுதியும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: தணிக்கும் செல்களையே நேரடியாக உடலுக்குள் செலுத்தினால் என்ன? அவற்றின் நுண்பைகளைப் பிரித்தெடுக்கும் சிரமம் எதற்கு?

பதில்: செல்களைச் செலுத்தும் முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது. கிரோன் நோயாளிகள் சிலருக்கு ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரம் எனப்படும் புரையோடிய துளைகள் உண்டாகின்றன. அவற்றுக்காக, கொடையாளரின் கொழுப்புத் திசுவிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களைக் கொண்ட டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் பின்னர் நடத்தப்பட்ட பெரிய மருத்துவச் சோதனை அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் அது ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஸ்டெம் செல்கள் எதிர்ப்புச் செல்கள் அல்ல என்பது உண்மை. எனினும் உயிருள்ள செல்லை மருந்தாக்குவதில் உள்ள இடர்களை அந்த வரலாறு நன்றாகவே காட்டுகிறது. உயிருள்ள செல் உடலுக்குள் போனபின் எத்தனை நாள் வாழும், எங்கே தங்கும், அழற்சிச் சூழலில் தன் தணிக்கும் குணத்தை இழந்து தாக்கும் குணத்துக்கு மாறிவிடுமா என்பவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நெறிப்படுத்தும் டி செல்கள்கூடக் கடும் அழற்சியில் தம் இயல்பிலிருந்து வழுவக்கூடும் என்ற அச்சம் உண்டு.

நுண்பைக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. அது பெருகாது, தானாக மாறாது, கட்டியாக வளரும் வாய்ப்பு இல்லை, கிருமி வடிகட்டியைக் கடந்துபோகுமளவு சிறியது, உறைய வைத்துப் பாதுகாக்கலாம். தூதரை அனுப்பாமல் ஓலையை மட்டும் அனுப்புவதற்கு இதை ஒப்பிடலாம். ஆனால் ஓலை எழுதப்பட்டபடியேதான் இருக்கும். சூழ்நிலை மாறினால் தூதரைப்போல் பேச்சை மாற்றிக்கொள்ள அதனால் முடியாது. உயிருள்ள செல் அழற்சியை உணர்ந்து அதற்கேற்பச் சுரப்புகளைக் கூட்டிக் குறைக்கிறது. நுண்பை தன்னிடம் இருப்பதைத் தந்துவிட்டு முடிந்துபோகிறது. அதனால் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டியிருக்கலாம்.

கேள்வி: சுண்டெலிகளில் குணமாகிறது என்றால் மனிதர்களுக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: சுண்டெலியின் குடல் அழற்சி எப்படி உண்டாக்கப்படுகிறது என்று பார்த்தால் தயக்கத்தின் காரணம் விளங்கும். மிகப் பரவலாகப் பயன்படும் முறையில், டி.எஸ்.எஸ். என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து சில நாட்கள் கொடுக்கிறார்கள். அது பெருங்குடலின் மேற்படலத்தை நேரடியாகச் சிதைக்கிறது. நீரை மாற்றிவிட்டால் சுண்டெலி பெரும்பாலும் தானாகவே தேறத் தொடங்கிவிடுகிறது. மனித நோயோ ஆண்டுக்கணக்கில் தணிந்தும் கிளர்ந்தும் தொடர்வது. இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களோடு தொடர்புடையது. தானாகத் தேறக்கூடிய புண்ணைச் சற்று விரைவாகத் தேற்றிக் காட்டுவதும், பத்தாண்டுகளாக விடாத நோயை நிறுத்துவதும் ஒன்றாகிவிடா.

முன்னனுபவமும் நிதானத்தையே வலியுறுத்துகிறது. இன்டர்லூக்கின்-10 இல்லாத சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சி வருவது 1990-களில் தெரிந்தபோது, அந்தச் சைட்டோகைனையே மருந்தாகக் கொடுத்தால் நோய் அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. கிரோன் நோயாளிகளிடம் சோதித்தபோது போதிய பலன் இல்லை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் என்ற மருந்து, தோல் நோயான சொரியாசிஸில் சிறப்பாக வேலை செய்தும், கிரோன் நோயில் பலனளிக்காததோடு சிலருக்கு நோயை மோசமாக்கியது 2012-இல் தெரியவந்தது. கோட்பாட்டளவில் இரண்டுமே நியாயமான யோசனைகள்தாம். நுண்பை ஆதரவாளர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி, ஒற்றை மூலக்கூறு தோற்ற இடத்தில் பல மூலக்கூறுகளின் கூட்டு வெல்லலாம் என்பது. அது நடக்கக்கூடியதே, ஆனால் மருத்துவச் சோதனை நடக்கும்வரை அது நம்பிக்கை மட்டுமே.

உற்பத்தியிலும் கடினமான முடிச்சுகள் உண்டு. நுண்பைகளைப் பிரிக்கப் பழைய வழி, புவியீர்ப்பைப்போல் 1,00,000 மடங்கு விசையில் சுழற்றும் அதிவேக மையவிலக்கு. ஆய்வகத்துக்கு அது போதும், மருந்துத் தொழிற்சாலைக்குப் போதாது. அளவுவாரியாகப் பிரிக்கும் நிறப்பகுப்பும் தொடுதிசை வடிகட்டலும் இப்போது அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. எந்த முறையானாலும், நுண்பைகளோடு அதே அளவுள்ள கொழுப்புப் புரதத் துகள்களும் கலந்து வருகின்றன. ஒரு தொகுதியும் அடுத்த தொகுதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, மருந்தின் அளவைத் துகள் எண்ணிக்கையில் சொல்வதா, புரத எடையில் சொல்வதா, அல்லது அது செய்யும் வேலையை அளந்து சொல்வதா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. செல்வெளி நுண்பைகளுக்கான பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் பெயரில் ஆய்வுகளுக்கான குறைந்தபட்ச நெறிகளை வெளியிட்டதே இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

இவ்வளவுக்கும், எதிர்ப்புச் செல்களின் நுண்பைகள் மனிதர்களுக்கு ஒருபோதும் செலுத்தப்படாதவை அல்ல. நோயாளிகளின் டென்ட்ரிட்டிக் செல்களிலிருந்து எடுத்த எக்ஸோசோம்களை மெலனோமா என்ற தோல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றில் சோதித்த முதற்கட்ட ஆய்வுகள் 2005-லேயே வெளிவந்தன. பெரிய பாதுகாப்புச் சிக்கல் எழவில்லை. பலன் மட்டாகவே இருந்தது. அங்கே நோக்கம் எதிர்ப்பைத் தூண்டுவது, இங்கே அடக்குவது என்பதால், அந்தப் பாதுகாப்பு முடிவை அப்படியே இங்கே பொருத்திவிடவும் முடியாது.

கேள்வி: நுண்பைகளை மாத்திரையாக விழுங்க முடியுமா?

பதில்: இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் அவற்றைச் சிதைக்கும் என்பதால் பாதுகாப்பு உறை தேவைப்படும், அதற்கான முயற்சிகள் நடக்கின்றன. நரம்பு வழியே செலுத்தினாலோ, பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்து, இரத்தத்திலிருந்து விரைவில் மறைந்துவிடுகிறது. நோய் மலக்குடலிலும் அதையொட்டிய பெருங்குடலிலும் மட்டும் இருப்பவர்களுக்கு, எனிமா வழியே கொடுப்பது எளிய வழியாக அமையலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி: என் மகனுக்குக் கிரோன் நோய். ஒரு தனியார் மையம் எக்ஸோசோம் ஊசி போட்டால் மருந்துகளை எல்லாம் நிறுத்திவிடலாம் என்கிறது. செலவு பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறோம். போகலாமா?

பதில்: போக வேண்டாம். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் நாம், இதில் தயங்கவில்லை.

2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எக்ஸோசோம் என்ற பெயரில் விற்கப்படும் பொருட்களைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் அத்தகைய பொருட்களைப் பெற்ற நோயாளிகளுக்குக் கடும் பாதிப்புகள் ஏற்பட்டதாக வந்த தகவல்களை அடுத்தே அந்த எச்சரிக்கை வந்தது. தான் ஒப்புதல் அளித்த எக்ஸோசோம் பொருள் எதுவும் இல்லை என்றும் அந்த நிர்வாகம் அதில் தெளிவாகச் சொன்னது. முன்னே சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள்: நுண்பையின் குணம் அது வந்த செல்லைப் பொறுத்தது. குப்பியின்மேல் 'எக்ஸோசோம்' என்று எழுதியிருப்பதால், உள்ளே இருப்பது எந்தச் செல்லுடையது, எத்தனை, கிருமி நீக்கப்பட்டதா, அழற்சியைத் தணிக்குமா வளர்க்குமா என்ற எதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் மகனோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்பவராக இருக்கலாம். அந்த நிலையில் கிருமி கலந்த ஓர் ஊசி மற்றவர்களுக்குத் தருவதைவிடப் பெரிய தீங்கைத் தரும்.

முறையான மருத்துவச் சோதனை என்பது வேறு. அது பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கும். தீங்குகளை விளக்கி எழுத்துமூலம் சம்மதம் கேட்கும். ஆய்வுக்குரிய மருந்துக்குப் பொதுவாக உங்களிடம் பணம் வாங்காது. பிற மருந்துகளையெல்லாம் நிறுத்திவிடலாம் என்று முன்கூட்டியே வாக்களிக்காது. இவற்றில் எத்தனை அந்த மையத்தில் இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பௌத்திரமுள்ள கிரோன் நோயாளிகளிடம் ஸ்டெம் செல் வழி நுண்பைகளைத் துளையைச் சுற்றி நேரடியாகச் செலுத்திப் பார்த்த மிகச் சிறிய, தொடக்கநிலை ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு சிகிச்சை விற்பது முறையாகாது.

கேள்வி: நுண்பைகளைச் சோதித்து, கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்ப்பது) இல்லாமலேயே நோய் நிலையை அறிய முடியுமா?

பதில்: இரத்தத்திலும் மலத்திலும் உள்ள நுண்பைகள் அழற்சியோடு மாறுகின்றன. குடல் மேற்படலம் விடும், அனெக்சின் ஏ1 புரதம் கொண்ட நுண்பைகள், நோய் கிளர்ந்துள்ளவர்களின் இரத்தத்தில் அதிகமாக இருப்பதாக 2015-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அவை புண்ணாற்றவும் உதவுகின்றன. ஆயினும் அன்றாட மருத்துவத்தில் இந்தப் பணிக்கு எளிய சோதனை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மலத்தில் கால்ப்ரொடெக்டினை அளப்பது. நியூட்ரோஃபில்களிலிருந்து வரும் அந்தப் புரதம் கூடினால் குடலில் அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம். கொலோனோஸ்கோப்பியின் எண்ணிக்கையை அது குறைக்கும், முற்றிலும் அகற்றிவிடாது.

கேள்வி: இன்ஃபிளிக்ஸிமாப் எடுத்துக்கொண்டு ஈராண்டுகளாக நன்றாக இருக்கிறேன். ஆனால் அது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதால் பயம். நுண்பை சிகிச்சை வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: உங்கள் பயம் ஆதாரமற்றது அன்று. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற மருந்துகள், உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும்; அதனால்தான் தொடங்கும் முன்னரே அதற்கான பரிசோதனை செய்கிறார்கள். இத்தகைய பக்கவிளைவுகளும், நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு இந்த மருந்து தொடக்கத்திலேயே பலிக்காமல் போவதும், வேறு சிலருக்குப் போகப் போகப் பலன் குன்றுவதுமே நுண்பை போன்ற புதிய வழிகளை நோக்கி ஆய்வாளர்களைத் தள்ளுகின்றன. எனினும் கிரோன் நோய்க்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது முதல் இன்றுவரை இந்த மருந்தைப் பற்றிச் சேர்ந்திருக்கும் அனுபவத்தின் முன், நுண்பைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம்.

விட்டு விட்டு எடுப்பதிலும் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்ஃபிளிக்ஸிமாப்பை நிறுத்தி நெடுநாள் கழித்து மறுபடி தொடங்கும்போது, அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை உடல் உருவாக்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது மருந்து பலிக்காமல் போகலாம், ஏற்றும்போதே ஒவ்வாமை எதிர்வினை வரலாம். நோய் ஆழ்ந்து தணிந்திருக்கும் சிலருக்கு, கால்ப்ரொடெக்டின் அளவையும் கொலோனோஸ்கோப்பி முடிவையும் பார்த்து மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. குடலின் நிலையை அளந்து எடுக்கப்படும் முடிவு அது. அடுத்த முறை மருந்தேற்றச் செல்லும்போது, உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்றும், காசநோய்ப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்றும் உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் கேளுங்கள்.